மயில் ஏற ஆசைதான்... ஆனா யார் காசுல?

வேலும் மயிலும் துணை.

இந்தத் தடவை விரதம், தலபுராணம் எதுவும் இல்லை. ரொம்ப நாளா மனசுக்குள்ள ஓடிக்கிட்டு இருக்கற ஒரு தர்ம சங்கடத்தைப் பத்தி எழுதறேன். நம்மில் நிறைய பேர் இருபதுகளில் இருக்கோம். கிடைச்ச படிப்பைப் படிச்சோம், ஒரு வேலை கிடைச்சது, மாசம் பிறந்தா சம்பளம் வருது. ஆனா மனசு வேற எங்கேயோ இருக்கு. ஒருத்தருக்கு சினிமா, ஒருத்தருக்கு ஐஏஎஸ், ஒருத்தருக்கு சொந்தமா ஒரு கடை. எனக்கு விமானம். வயசு 28. இன்ஜினியரிங் முடிச்சிட்டு ஆறு வருஷமா சென்னையில் சாஃப்ட்வேர் வேலை. கமர்ஷியல் பைலட் ஆகணும்ங்கறது ஆசை.

ஆசைப்படறதுல தப்பே இல்லை. அதைப் பத்தி யாரும் எனக்கு வகுப்பு எடுக்க வேண்டாம். என் கேள்வி வேற. என் ஆசைக்காக என் குடும்பம் எவ்வளவு தூரம் பணயம் வைக்கலாம்? அவங்க "சரிப்பா, போ"ன்னு சொல்லிட்டாங்கன்னா, அந்த ஒரு வார்த்தை போதுமா?

முதல்ல கணக்கு

விஷயம் தெரியாதவங்களுக்காக சுருக்கமா சொல்லிடறேன். இந்தியாவில் கமர்ஷியல் பைலட் லைசென்ஸ் கொடுக்கறது டிஜிசிஏ. மருத்துவப் பரிசோதனையில் தேறணும். வழிகாட்டல், வானிலை, விமான விதிகள், தொழில்நுட்பம்னு இருக்கற தேர்வுகள் ஒவ்வொண்ணுலயும் 70 சதவீதம் எடுக்கணும். ரேடியோவில் பேசறதுக்குத் தனியா ஒரு லைசென்ஸ் வாங்கணும். இதுக்கெல்லாம் மேல 200 மணி நேரம் பறந்திருக்கணும். அதுல 100 மணி நேரம் பொறுப்பு முழுக்க நம்ம கையில இருக்கணும்.

200 மணி நேரம்னா கேக்கறதுக்குக் கொஞ்சமாத் தெரியும். நாம ஆபீஸ்ல ஒரே மாசத்துல அவ்வளவு நேரம் உக்காந்திருக்கோம். ஆனா சின்ன விமானத்துல அந்த ஒரு மணி நேரம் சேரணும்னா மழை இருக்கக் கூடாது, மூட்டம் இருக்கக் கூடாது, விமானம் பழுதாகக் கூடாது, பயிற்சியாளர் அன்னைக்கு இருக்கணும். ஒன்றரை வருஷம்னு ஆரம்பிக்கறது ரெண்டு, ரெண்டரைன்னு இழுக்கறது சகஜம்.

லைசென்ஸ் வாங்கிட்டா உடனே ஏர்பஸ்ல போய் உக்கார முடியாது. ஏ320 மாதிரி விமானம் ஓட்டணும்னா அந்த ரகத்துக்குன்னு தனியா "டைப் ரேட்டிங்" வாங்கணும். பெரும்பாலும் சிமுலேட்டரில் நடக்கற அந்தப் பயிற்சிக்குத் தனி பணம்.

நான் விசாரிச்ச இடங்களை வச்சு ஒரு எக்ஸெல் ஷீட் போட்டேன். பறக்கறதுக்கு 50 லட்சம். பாட வகுப்பு, தேர்வு, ஹாஸ்டல், சாப்பாடு எல்லாம் 8 லட்சம். டைப் ரேட்டிங் 17 லட்சம். நான் மாசா மாசம் வீட்டுக்கு அனுப்பற 20 ஆயிரம் நின்னுடக் கூடாதுன்னா, 30 மாசத்துக்கு 6 லட்சம் முன்கூட்டியே எடுத்து வைக்கணும். மொத்தம் 81 லட்சம். என் சேமிப்பு அப்போ 20 லட்சம். மிச்சம் 61 லட்சம் கடன்.

61 லட்சத்துக்கு 11 சதவீத வட்டின்னு வச்சுக்கோங்க. பத்து வருஷத் தவணைன்னா மாசம் சுமார் 84 ஆயிரம். படிக்கற காலத்துல தவணை கட்ட வேண்டாம்னு வங்கி சொல்லும், ஆனா வட்டி ஓடிக்கிட்டேதான் இருக்கும். முழுப் பணத்தையும் எடுத்துட்டா மாசத்துக்கு சுமார் 56 ஆயிரம் வட்டி மட்டும். எங்க அப்பா மின்வாரியத்துல வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவரோட பென்ஷன் 32 ஆயிரம்.

இந்த மூணு எண்ணையும் கொஞ்சம் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாருங்க. 84, 56, 32. "கனவைத் துரத்து"ன்னு ரீல்ஸ்ல சொல்றவங்க யாரும் இந்த எண்களை சொல்ல மாட்டாங்க.

இன்னொண்ணு. கல்விக் கடன் ஏழரை லட்சத்தைத் தாண்டினா வங்கிகள் வழக்கமா சொத்து ஜாமீன் கேக்கும். எங்களுக்கு இருக்கறது திண்டுக்கல்ல ஒரே ஒரு வீடு. அப்பா முப்பது வருஷம் கம்பம் ஏறிக் கட்டின வீடு. பத்திரத்துல அவர் பேர். அப்போ என் ஆசை பறக்கணும்னா, அந்தப் பத்திரம் வங்கி லாக்கர்ல போய் உக்காரணும்.

பழனி ஆண்டவர் எதை எடுத்துட்டுப் போனார்?

வீட்டுல இந்தப் பேச்சு வந்ததும் சொந்தக்காரங்க ரெண்டு கட்சியாப் பிரிஞ்சாங்க. வேடிக்கை என்னன்னா, ரெண்டு கட்சியும் பழக் கதையைத்தான் எடுத்தாங்க.

பெரியப்பா சொன்னார்: "உலகத்தை சுத்திட்டு வந்தவனுக்கா பழம் கிடைச்சுது? அம்மா அப்பாவை சுத்தினவனுக்குத்தானே கிடைச்சுது. மயில் மேல ஏறிப் பறக்கறேன்னு அலையாதே. இருக்கற வேலையைப் பாரு." என் மாமா பையன் அதுக்குப் பதில் சொன்னான்: "முருகனே வீட்டை விட்டுக் கிளம்பினவர்தானே பெரியப்பா? கிளம்பினதாலதான் பழனின்னு ஒரு ஊரே கிடைச்சுது நமக்கு."

ரெண்டு பேரும் நல்லாத்தான் பேசினாங்க. ஆனா எனக்கு அன்னைக்கு ராத்திரி வேற ஒண்ணு தோணுச்சு. பழனி மலை மேல நிக்கற அந்தக் கோலத்தை மனசுல கொண்டு வந்து பாருங்க. கையில ஒரு தண்டு. இடுப்புல ஒரு கோவணம். அவ்வளவுதான். கைலாசத்துல இருந்து கிளம்பும்போது அவர் வீட்டுல இருந்து எதை எடுத்துட்டுப் போனார்? ஒண்ணுமே இல்லை. நகை இல்லை, கிரீடம் இல்லை, அண்ணனோட பங்கும் இல்லை.

நாம அப்படியா கிளம்பறோம்? நான் கிளம்பினா என் கூட வீட்டுப் பத்திரமும் கிளம்புது. அம்மாவோட நகை கிளம்புது. தங்கச்சியோட பங்கு கிளம்புது. அதனால "முருகனே போனார், நானும் போறேன்"னு சொல்ற தகுதி எனக்கு இல்லை. எதையும் எடுக்காம கிளம்பறவனுக்கு யார்கிட்டயும் அனுமதி தேவைப்படாம இருக்கலாம். அடுத்தவங்க பொருளை எடுத்துட்டுக் கிளம்பறவனுக்கு அனுமதி கண்டிப்பா வேணும்.

பெரியப்பா சொன்னதையும் அப்படியே ஏத்துக்க முடியல. அம்மா அப்பாவை சுத்தி வர்றதுன்னா வீட்டுலயே உக்காந்து இருக்கறது இல்லையே. அவங்களைக் கேக்காம ஒரு அடி வைக்காம இருக்கறதும் சுத்தி வர்றதுதான். அந்தக் கதையில எனக்குப் பிடிச்ச இடம் கடைசில வர்றது. கோவிச்சுட்டுப் போன பிள்ளையைத் தேடி அம்மையும் அப்பனும் மலைக்கு வந்தாங்க பாருங்க, அது. பிள்ளை எங்க போனாலும் பெத்தவங்க பின்னாடியே வருவாங்க. பாசம் அப்படி. அந்தப் பாசம்தான் என்னைப் பயமுறுத்துது. ஏன்னு சொல்றேன்.

அம்மாவால "வேண்டாம்"னு சொல்ல முடியாது

அம்மாகிட்ட விஷயத்தை சொல்லி முடிக்கறதுக்குள்ளேயே பதில் வந்துடுச்சு. "பண்ணுப்பா. என் நகை எதுக்கு இருக்கு?"

கேக்க எவ்வளவு நல்லா இருக்கு. சினிமாவா இருந்தா இந்த இடத்துல பின்னணி இசை வந்திருக்கும். ஆனா யோசிச்சுப் பாருங்க. அம்மா அந்த 81ஐக் கேட்டாங்களா? 84ஐக் கேட்டாங்களா? டைப் ரேட்டிங்னா என்னன்னு கேட்டாங்களா? எதுவும் இல்லை. என் முகத்தைப் பார்த்தாங்க, சரின்னுட்டாங்க. நான் "சந்திரனுக்குப் போறேம்மா"ன்னு சொல்லியிருந்தாலும் அதே பதில்தான் வந்திருக்கும்.

அப்போ அது ஆசீர்வாதம். சம்மதம் வேற. ஆசீர்வாதம் நம்ம மேல இருக்கற அன்புல வர்றது. சம்மதம் விஷயம் தெரிஞ்சு, கெட்டது நடந்தா என்ன ஆகும்னு தெரிஞ்சு, வேண்டாம்னு சொல்ல வாய்ப்பு இருந்தும், சரின்னு சொல்றது. ஆசீர்வாதத்தை வாங்கிக்கிட்டு அதை சம்மதமா கணக்கு எழுதறது நம்ம தலைமுறையில ரொம்ப சாதாரணமா நடக்குது. "எங்க வீட்டுல ஃபுல் சப்போர்ட்"னு பெருமையா சொல்லிக்கறோம். வீட்டுல யாருக்காவது வட்டி எவ்வளவுன்னு தெரியுமா?

ஒருத்தரால நமக்கு "வேண்டாம்"னு சொல்ல முடியாதுன்னா, அவங்ககிட்ட கேக்கறது சுலபம். அது சுலபமா இருக்கறதாலதான் கேக்கறவனோட பொறுப்பு கூடுது. வங்கி மேனேஜர் என் மேல பாசம் வைக்கல. அதனால அவர் நூறு காகிதம் கேப்பார். அம்மா ஒரு காகிதமும் கேக்க மாட்டாங்க. அதுக்காக அம்மாகிட்ட காகிதம் இல்லாம போகலாமா? வங்கிக்குக் காட்டற அதே கணக்கை அம்மாவுக்கும் காட்டணும். இன்னும் சொல்லப் போனா, வங்கிக்குக் காட்டாததையும் காட்டணும்.

இதுல நம்ம மாதிரி பக்தர்களுக்குன்னு ஒரு தனி ஆபத்து இருக்கு. பூ கட்டிப் போட்டுப் பார்க்கற வழக்கம் நம்ம பக்கம் எல்லாருக்கும் தெரியும். வெள்ளைப் பூ வந்தா ஒண்ணு, சிவப்புப் பூ வந்தா ஒண்ணு. நானும் நம்பிக்கை உள்ளவன்தான், கிண்டல் பண்ணல. ஆனா அப்பாகிட்ட கேக்க வேண்டியதை முருகன்கிட்ட கேட்டுட்டு, "முருகனே உத்தரவு கொடுத்துட்டார்"னு அப்பாகிட்ட வந்து சொன்னா என்ன ஆகும்? அவரும் பக்தர். அவர் முருகனை மறுத்துப் பேசுவாரா? அவர் வாயை அடைக்க நாம முருகனைக் கூட்டிக்கிட்டு வந்த மாதிரி ஆயிடும். எனக்கு தைரியம் வேணும்னு முருகன்கிட்ட கேக்கலாம். பத்திரம் வேணும்னா பத்திரம் யார் பேர்ல இருக்கோ அவர்கிட்டதான் கேக்கணும்.

அப்பா சொன்ன எல்.சி. கணக்கு

அதனால ஒரு காரியம் பண்ணினேன். ஷீட்டைத் தமிழ்ல எழுதி மூணு பிரதி எடுத்தேன். அப்பாவுக்கு ஒண்ணு, அம்மாவுக்கு ஒண்ணு, நர்சிங் கடைசி வருஷம் படிக்கற தங்கச்சிக்கு ஒண்ணு. நல்லது நடந்தா என்ன ஆகும்னு அரைப் பக்கம். கெட்டது நடந்தா என்ன ஆகும்னு ரெண்டு பக்கம்.

அந்த ரெண்டு பக்கத்துல இருந்ததை உங்களுக்கும் சொல்றேன். பைலட்டுக்கு மெடிக்கல் வருஷா வருஷம் புதுப்பிக்கணும். காதோ கண்ணோ இதயமோ ஏதாவது ஒண்ணு ஒத்துழைக்கலன்னா வேலை அன்னைக்கே நிக்கும். வேலை கிடைக்கறதும் நம்ம கையில இல்லை. 2019 ஏப்ரல்ல ஜெட் ஏர்வேஸ் நின்னுச்சு. 2020 மார்ச் 25ல இருந்து ரெண்டு மாசம் உள்நாட்டு விமானமே பறக்கல. 2023 மே மாசம் கோ ஃபர்ஸ்ட் நின்னுச்சு. அதுக்கு அடுத்த மாசமே இண்டிகோ 500 விமானத்துக்கு ஆர்டர் கொடுத்துச்சு. அதே வருஷம் பிப்ரவரியில ஏர் இந்தியா 470 விமானம் வாங்கறதா அறிவிச்சிருந்தது. எல்லாம் உண்மை. நான் லைசென்ஸ் வாங்கற நேரம் அந்த மே மாசம் மாதிரி இருக்குமா, ஜூன் மாசம் மாதிரி இருக்குமான்னு யாராலயும் சொல்ல முடியாது.

அப்புறம் ஒரு விஷயம், பலரும் மறக்கறது. நான் வேலையை விட்ட அன்னைக்கே கம்பெனி கொடுத்த மருத்துவக் காப்பீடும் போயிடும். அப்பாவுக்கு சர்க்கரை இருக்கு. புதுசா பாலிசி எடுத்தா ஏற்கெனவே இருக்கற நோய்க்குக் காத்திருப்புக் காலம் உண்டு. அதாவது நான் பறக்கக் கத்துக்கற அதே ரெண்டு வருஷம் அப்பா காப்பீடு இல்லாம இருக்க நேரிடும். இதுக்கு வழி, வேலையில இருக்கும்போதே அவங்க பேர்ல தனி பாலிசி எடுத்துக் காத்திருப்புக் காலத்தை ஓட விடறதுதான்.

எல்லாத்தையும் எழுதிக் கொடுத்துட்டு, "ரெண்டு வாரம் நான் ஊருக்கு வர மாட்டேன், போன்ல இதைப் பத்திப் பேசவும் மாட்டேன். நீங்க மூணு பேரும் பேசி முடிவு பண்ணுங்க"ன்னு சொல்லிட்டேன். நான் எதிர்ல உக்காந்திருந்தா அவங்க என் முகத்தைப் பார்த்துத்தான் பேசுவாங்க.

ரெண்டு வாரம் கழிச்சுப் போனேன். அப்பா ஷீட்டை மடிச்சு சட்டைப் பையில வச்சிருந்தார். அவர் பேசினது அவரோட வேலையில இருந்து வந்த பேச்சு.

"கம்பத்துல ஏறணும்னா முதல்ல எல்.சி. வாங்கணும். லைன்ல கரன்ட் இல்லைன்னு சப்ஸ்டேஷன்ல உறுதி பண்ணி, எழுதி, நேரம் போட்டுக் கொடுப்பாங்க. எல்.சி. வாங்கினவன் இறங்கி வந்து, ஆளுங்க எல்லாரும் இறங்கிட்டாங்கன்னு பார்த்து, அவனே திருப்பிக் கொடுத்தாத்தான் லைனை சார்ஜ் பண்ணலாம். அவசரம்னு எந்த அதிகாரி சொன்னாலும் நடுவுல சுவிட்சைப் போட முடியாது. ஏன்? உசுரு யாருதோ, அவன் கையிலதான் அந்தச் சீட்டு இருக்கணும். உன் விஷயத்துலயும் அப்படித்தான். ஒரு எல்.சி. ஒரு வேலைக்கு. லைசென்ஸ் வரைக்கும் ஒரு சீட்டு. அந்த டைப் ரேட்டிங்குக்கு இப்பவே கேக்காதே. லைசென்ஸ் வாங்கிட்டு வா, அன்னைக்கு நிலைமை எப்படின்னு பார்த்துப் புதுசா பேசுவோம்."

நான் ஆறு வருஷமா ஆபீஸ்ல "ரிஸ்க் மேனேஜ்மென்ட்"னு எத்தனையோ மீட்டிங் பாத்திருக்கேன். இவ்வளவு தெளிவா யாரும் சொன்னதில்லை. ஒரே சம்மதத்தை வச்சு ரெண்டு கடன் வாங்கக் கூடாது. பணயம் யாரோடதோ, நிறுத்தற அதிகாரமும் அவங்க கையில இருக்கணும்.

தங்கச்சி வேற மாதிரி பேசினா. "பத்திரத்துல அப்பா பேர்தான் இருக்கு, எனக்குத் தெரியும். ஆனா நாளைக்கு அதுல எனக்கும் பாதி இருக்குண்ணா. நீ அடமானம் வைக்கறதுல பாதி என்னுது. வச்சுக்கோ, ஆனா கடன்னு எழுதிக் குடு." அம்மா அவளை அதட்டப் போனாங்க. நான் தடுத்துட்டேன். பரம்பரைச் சொத்துல மகளுக்கும் சம உரிமைன்னு தமிழ்நாடு 1989லேயே சட்டம் திருத்தினது. 2005ல நாடு முழுக்க வந்தது. இது அப்பா சம்பாதிச்ச வீடு, சட்டப்படி அவர் இஷ்டம்தான். ஆனா சட்டம் கேக்கலன்னாலும் நியாயம் கேக்கும் இல்லையா? எத்தனை வீட்டுல அண்ணன் படிப்புக்கு வீடு அடமானம் போகும்போது தங்கச்சியை ஒரு வார்த்தை கேட்டிருக்காங்க? எழுதிக் கொடுத்தேன். மூணு பேர்ல முதல்ல முழு சம்மதம் கொடுத்தது அவதான்னு சொல்வேன். நிபந்தனை போட்டாளே, அதுதான் அடையாளம். நிபந்தனை போடத் தெரிஞ்சவங்களோட "சரி"யை நம்பலாம்.

அம்மா கேட்ட ஒரே கேள்வி

அம்மா இந்த முறை நகையைப் பத்திப் பேசல. ஒரே ஒரு கேள்வி கேட்டாங்க.

"நடுவுல உடம்புக்கு முடியாம நின்னு போச்சுன்னு வையி. திரும்ப அந்த கம்ப்யூட்டர் வேலைக்குப் போவியா? போறது மட்டும் இல்லப்பா. மூஞ்சியைத் தூக்கி வச்சுக்காம போவியா?"

என் ஷீட்டுல எத்தனையோ வரி இருந்தது. இந்த வரி இல்லை, இருக்கவும் முடியாது. பணம் நஷ்டமானா அது கணக்கு. ஆனா கனவு உடைஞ்ச ஒருத்தன் வீட்டுக்குள்ள கசப்போட உக்காந்திருந்தா, அந்தக் கசப்புக்கும் சேர்த்துக் குடும்பம்தான் தவணை கட்டணும். வருஷக் கணக்கா. அம்மா பயந்தது கடனுக்கு இல்லை, அதுக்கு.

விமானத்துக்கு எரிபொருள் போடறதுல ஒரு விதி இருக்கு. போக வேண்டிய ஊருக்கு மட்டும் கணக்குப் பண்ணிப் போட மாட்டாங்க. அங்க இறங்க முடியலன்னா மாற்று விமான நிலையம் எதுன்னு கிளம்பறதுக்கு முன்னாடியே முடிவு பண்ணி, அங்க போய்ச் சேரவும் போட்டு, அதுக்கு மேல இன்னும் 30 நிமிஷம் வானத்துல வட்டமடிக்கற அளவுக்கு ஜெட் விமானத்துல வச்சிருப்பாங்க. சென்னையில மழை, பெங்களூருக்குத் திருப்பிட்டாங்கன்னா அந்தப் பைலட் தோத்துட்டார்னு யாரும் சொல்றதில்லை. பயணிகளைப் பத்திரமா இறக்கினார், அவ்வளவுதான்.

எனக்கு மாற்று விமான நிலையம் இந்த சாஃப்ட்வேர் வேலை. அதை மனசுக்குள்ள "தோல்வி"ன்னு பேர் வச்சுட்டுக் கிளம்பினா, தேவைப்படற நாள்ல அங்க இறங்க எனக்கு மனசு வராது. எரிபொருள் தீர்ற வரைக்கும் வட்டமடிப்பேன். என் கூட வீடும் வட்டமடிக்கும். அதனால அம்மாவுக்குப் பதில் சொல்றதுக்கு முன்னாடி நான் செய்ய வேண்டிய வேலை ஒண்ணு இருந்தது. இப்ப செய்யற வேலையை வெறுக்கறதை நிறுத்தறது. அது சுலபமா இல்லை. இன்னும் முழுசா முடியல. ஆனா கிளம்பற தகுதி வந்துடுச்சான்னு பார்க்க எனக்குக் கிடைச்ச அளவுகோல் இதுதான்: திரும்பி வர மனசு இருக்கா?

"அப்படிப் பார்த்தா யாருமே எதுவும் பண்ண முடியாதே?"

நண்பன் ஒருத்தன் கேட்டான். "இவ்வளவு யோசிச்சா ஆணியே புடுங்க முடியாதுடா. ரிஸ்க் எடுத்தவன்தான் ஜெயிச்சிருக்கான்."

ரிஸ்க் எடுத்துத் தோத்தவன் பேட்டி கொடுக்கறதில்லை, அதனால நமக்கு அவன் கதை தெரியறதில்லை. அது ஒரு பக்கம் இருக்கட்டும். ரிஸ்க் எடுக்காதேன்னு நான் சொல்லவே இல்லை. யாரோட ரிஸ்க்னு பார்த்து எடுன்னு சொல்றேன். என் தூக்கம், என் இருபதுகள், என் சேமிப்பு, இதையெல்லாம் நான் தாராளமா பணயம் வைக்கலாம், யார் அனுமதியும் வேண்டாம். அப்பாவோட முப்பது வருஷ உழைப்பை வச்சு நான் வீரம் காட்டக் கூடாது. காவடி எடுக்கறதா வேண்டிக்கிட்டவன் தன் தோள்லதான் எடுக்கணும். அம்மா தோள்ல ஏத்தி விட்டுட்டு "அரோகரா" மட்டும் நாம போட்டா அது என்ன நேர்த்திக்கடன்?

இன்னொரு பக்கமும் சொல்லணும். எல்லாத்தையும் தெளிவா சொன்ன பிறகும் வீட்டுல "வேண்டாம்"னா? அப்போ அந்த வீடும் நகையும் பேச்சுல இருந்து விலகிடணும், முகம் கோணாம. ஆனா ஆசை விலகணும்னு அவசியம் இல்லை. அவங்க பொருளுக்கு அவங்க முடிவு. என் உழைப்புக்கும் என் வருஷங்களுக்கும் என் முடிவு. இன்னும் அஞ்சு வருஷம் சேத்து, சொந்தக் காசுல போகலாம். விமான நிறுவனங்கள்ல 65 வயசு வரைக்கும் பைலட் வேலை பார்க்கலாம். 33ல ஆரம்பிச்சாலும் வாழ்க்கை முடிஞ்சு போகல. "ஊர் என்ன சொல்லும்"ங்கற பயத்துல பிள்ளையைக் கட்டிப் போடற உரிமை பெத்தவங்களுக்கும் கிடையாது. ரெண்டையும் பிரிச்சுப் பார்த்தா பாதி சண்டை குறைஞ்சிடும்.

கடைசியில் எங்க வீட்டுல முடிவானது

உபயோகப்படும்னு தோணுறதால அப்படியே சொல்றேன். பைலட் ஆசை இல்லாதவங்களும் அவங்கவங்க ஆசைக்குப் பொருத்திப் பாருங்க.

1. பணம் கட்டறதுக்கு முன்னாடி மெடிக்கல். கிளாஸ் 2, அப்புறம் கிளாஸ் 1. சில ஆயிரங்கள்ல தெரிய வேண்டிய விஷயத்தை லட்சங்கள் கட்டின பிறகு தெரிஞ்சுக்கக் கூடாது. ரெண்டுலயும் தேறிட்டேன்.

2. உடனே கிளம்பாம முப்பது மாசம் காத்திருக்கறது. மாசம் 75 ஆயிரம் சேத்தா என் பங்கு சுமார் 45 லட்சம் ஆகும். கடன் 61ல இருந்து 25 லட்சமா இறங்கும்.

3. ஏன் 25? கனவு நின்னு போனாலும் என் பழைய சம்பளத்துல அடைக்கக்கூடிய கடன் அது. பத்து வருஷத் தவணைன்னா மாசம் சுமார் 34,500. எங்க வீட்டு விதி இதுதான்: ஜெயிச்சா அடைக்கலாம்ங்கற கடனை வாங்கக் கூடாது. தோத்தாலும் அடைக்க முடியற கடனை மட்டும் வாங்கணும்.

4. அம்மா நகை தொடப்படாது. அப்பா அம்மாவுக்குத் தனி மருத்துவக் காப்பீடு இப்பவே எடுத்தாச்சு. வீட்டுக்கு அனுப்பற பணம் 30 மாசத்துக்குத் தனியா ஒதுக்கப்படும். எனக்கு டேர்ம் இன்ஷூரன்ஸ், விமானப் பயிற்சிக்குப் போகப் போறேன்னு விண்ணப்பத்துல மறைக்காம எழுதி.

5. தங்கச்சிக்கு எழுதிக் கொடுத்த கடன் பத்திரம் அவ பீரோவுல இருக்கு.

6. டைப் ரேட்டிங் புது எல்.சி.

7. பறக்கக் கத்துக்கற காலத்துலயும் வாரத்துக்குச் சில மணி நேரம் கோடிங் விடறதில்லை. மாற்று விமான நிலையத்துக்கும் எரிபொருள் வேணும் இல்லையா?

இப்போ பத்தாவது மாசம் ஓடுது. ஆபீஸ்ல அதே சீட், அதே மானிட்டர். ராத்திரியில வானிலைப் பாடம் படிக்கறேன், மேகத்துல எத்தனை வகைன்னு. போன வாரம் அம்மா போன்ல "மழை வர்ற மாதிரி இருக்கு"ன்னாங்க. "எந்த மாதிரி மேகம்மா?"ன்னு கேட்டேன். கொஞ்ச நேரம் யோசிச்சு, "கறுப்பா, கோபுரம் மாதிரி ஒசரமா நிக்குது"ன்னாங்க. புத்தகத்துல அதுக்குப் பேர் குமுலோனிம்பஸ். பைலட் பக்கத்துலயே போகக் கூடாத மேகம். சொன்னேன். "அப்போ நீயும் போகாதே"ன்னாங்க. சரிம்மான்னேன்.

உங்க வீட்டுலயும் உங்க ஆசையைக் கேட்டதும் ஒருத்தர் உடனே "சரி"ன்னு சொல்வாங்க. அந்த ஒருத்தர் யாருன்னு உங்களுக்கே தெரியும். அவங்ககிட்ட கணக்கைக் கொண்டு போய்க் கொடுங்க, அவங்களுக்குப் புரியற மொழியில. யோசிக்க நேரம் கொடுங்க. "வேண்டாம்"னு சொன்னா உங்க அன்பு குறையாதுன்னு முன்னாடியே சொல்லிடுங்க. அதுக்கு அப்புறமும் அவங்க "போயிட்டு வா"ன்னு சொன்னா, தைரியமா கிளம்புங்க. அந்த வார்த்தையில "வா"ன்னு ஒண்ணு இருக்கு, அதை மறக்காம.

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!